மொட்டை மாடியில் வயர்லெஸ் இன்டர்நெட்: பெட்டியையும் கவனியுங்கள்!

ஃபைபர் கேபிள் வந்து சேராத இடங்களில் வயர்லெஸ் மூலம் இன்டர்நெட் தரும் நிறுவனங்கள் உண்டு. டவரிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்க உங்கள் மொட்டை மாடியில் ஒரு சிறிய டிஷ் அல்லது பெட்டியைப் பொருத்துவார்கள். அதிலிருந்து ஒரு கேபிள் கீழே இறங்கி வைஃபை ரூட்டருக்கு வரும். மாதக் கட்டணம் எவ்வளவு, எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்கிறோம். மாடியில் இருக்கும் பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஓசூர் அருகே என் பெரியப்பாவின் லேத் பட்டறையில் இப்படி ஓர் இணைப்பு உள்ளது. அங்கே செய்யும் பாகங்கள் ஜூஜூவாடி தாண்டிக் கர்நாடகாவுக்குப் போகின்றன. ரூ.50,000க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லையைக் கடக்க 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் கட்டாயம். பட்டறைக்குள் செல்போன் சிக்னலும் சரியில்லை. எனவே இன்டர்நெட் போனால் வண்டி நிற்கும்.

சென்ற மாதம் அந்தப் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்து பார்த்தேன். தயாரிப்பாளர் போட்டு அனுப்பிய யூசர்நேம், பாஸ்வேர்ட் அப்படியே இருந்தன. உள்ளே இருந்த ஃபர்ம்வேர் 5 ஆண்டு பழையது. இணைப்புத் தந்தவர்களிடம் கேட்டால், "நெட் வருதுல்ல சார், அப்புறம் என்ன?" என்றார்கள்.

தரம்

இக்கருவிகள் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. இந்தியாவில் 2018 அக்டோபர் முதல், குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் இதைப் பயன்படுத்தத் தனி லைசென்ஸ் தேவையில்லை. (இன்டர்நெட் சேவையை விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும்.) லைசென்ஸ் இல்லாததால் பலரும் இதே அலைவரிசையைப் பயன்படுத்துவார்கள், குறுக்கீடு வரும்.

டவரும் உங்கள் டிஷ்ஷும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். அது மட்டும் போதாது. இரண்டுக்கும் நடுவே, வெள்ளரிக்காய் போல நடுவில் பருத்த ஓர் இடமும் தடையில்லாமல் இருக்க வேண்டும். 5 கிலோமீட்டர் தூர இணைப்பில் நடுவழியில் இதன் ஆரம் சுமார் 8 மீட்டர். இதில் குறைந்தது 60 சதவீதம் காலியாக இருந்தால்தான் நல்லது. வழியில் உள்ள தைல மரங்கள் இரண்டு வருடம் வளர்ந்தால், நன்றாக இருந்த இணைப்பும் மந்தமாகிவிடும்.

சிக்னல் அளவை டிபிஎம் என்ற எண்ணில் காட்டுவார்கள். மைனஸ் 60 நல்லது, மைனஸ் 80 மோசம். எண் 10 குறைந்தால் சிக்னலின் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும்.

விலை

வீட்டுக்குள் வைக்கும் சாதாரண ரூட்டரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மாடியில் கட்டிவிடுபவர்களும் உண்டு. வெயில், மழை இரண்டையும் அது தாங்காது. வெளிப்புறத்துக்கென்றே செய்த கருவியின் விலை சில ஆயிரம் ரூபாய் வரும். வெயில் தாங்கும் கேபிள், எர்த் இணைப்பு, சர்ஜ் புரொடெக்டர் ஆகியவற்றின் செலவு தனி. சித்திரை, வைகாசி இடிமழைக் காலத்தில் இவை இல்லையென்றால் பெட்டியோடு கம்ப்யூட்டரும் போகலாம்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று உடனே வாங்காதீர்கள். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் இன்னும் அப்டேட் தருகிறாரா என்று அவருடைய இணைய தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பு

விலை உயர்ந்த பிராண்ட் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். யுபிக்விட்டி நிறுவனம் தன் கருவியில் இருந்த ஓர் ஓட்டையை 2015லேயே அடைத்துவிட்டது. ஆனால் அப்டேட் செய்யாத கருவிகளை 2016 மே மாதம் ஒரு வோர்ம் தாக்கியது. மைக்ரோடிக் நிறுவனம் 2018 ஏப்ரலில் ஓர் ஓட்டையை அடைத்தது. சில மாதங்களில், அப்டேட் செய்யாத 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டர்கள் பிடிபட்டன. அவற்றின் வழியே சென்ற வெப் பக்கங்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராமைப் புகுத்தினார்கள். இரண்டு தடவையும் மருந்து முன்பே வந்துவிட்டது, போடத்தான் ஆளில்லை.

பெட்டி ஒருவன் கைக்குப் போனால் டிஎன்எஸ் முகவரியை மாற்றி, பேங்க் தளம் போன்ற போலிப் பக்கத்துக்கு உங்களை அனுப்ப முடியும். பிரவுசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டினால், "பரவாயில்லை" என்று தாண்டிப் போகாதீர்கள்.

கேட்க வேண்டியவை

1. கருவியின் மாடல் என்ன? கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் அப்டேட் செய்தீர்கள்?

2. பழைய பாஸ்வேர்டை மாற்றினீர்களா? வெளியிலிருந்து செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க முடியுமா?

3. சிக்னல் எத்தனை டிபிஎம்? இணைப்புக் கொடுத்த அன்றே எழுதி வாங்குங்கள்.

4. கருவி யாருடையது? கெட்டால் யார் செலவு?

5. டபிள்யுபிசி தரும் இடிஏ ஒப்புதல் உள்ள கருவிதானா?

மாடிப் பெட்டியை நிறுவனம்தான் நிர்வகிக்கிறது என்றால், நீங்களாக அதன் செட்டிங்ஸை மாற்ற வேண்டாம். அவர்களையே மாற்றச் சொல்லுங்கள். கீழே உள்ள வைஃபை ரூட்டர் உங்களுடையது. அதில் டபிள்யுபிஏ2 அல்லது டபிள்யுபிஏ3 தேர்வு செய்து, நீளமான பாஸ்வேர்ட் போட்டு, ஆட்டோ அப்டேட் வசதி இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.