டிரோனுக்குச் சுக்கான் பொருத்தலாமா?

நான்கு சுழலிகள் கொண்ட டிரோன், வானில் நின்ற இடத்திலேயே இடமாகவோ வலமாகவோ முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. படகில் இருப்பது போன்ற சுக்கான் எதுவும் அதற்கு இல்லை. பிறகு எப்படித் திரும்புகிறது?

விடை நியூட்டனின் மூன்றாம் விதியில் இருக்கிறது. மோட்டார் ஒரு சுழலியை வலஞ்சுழியாகச் சுற்றும்போது, டிரோனின் உடல் இடஞ்சுழியாகத் திரும்ப முயல்கிறது. இந்த எதிர்முறுக்கைச் சமன்செய்யவே இரண்டு சுழலிகள் வலஞ்சுழியாகவும் மற்ற இரண்டு இடஞ்சுழியாகவும் சுற்றுகின்றன. ஓர் இணையின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, மற்ற இணையின் வேகத்தைக் குறைத்தால் போதும். உயரம் மாறாமல் உடல் மட்டும் திரும்பும்.

மூன்று சுழலிகள் கொண்ட டிரோனைச் சொந்தமாகச் செய்பவருக்கு இந்தக் கணக்கு உதைக்கும். முன்னால் உள்ள இரண்டும் எதிரெதிராகச் சுற்றினாலும், வாலில் உள்ள மூன்றாவதற்கு இணை இல்லை. அதைக் கவனிக்காமல் பறக்கவிட்டால் டிரோன் பம்பரம்போல் சுற்றத் தொடங்கும். அதன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதபோது, அதைப் பத்திரமாகத் தரையிறக்குவது மிகக் கடினம்.

பலரும் கையாளும் தீர்வு, வால் மோட்டாரையே சேர்வோ எனும் சிறு கருவியால் பக்கவாட்டில் சாய்ப்பதாகும். 10 பாகை சாய்த்தாலே அந்தச் சுழலியின் உந்துவிசையில் ஏறத்தாழ 17 விழுக்காடு பக்கவாட்டில் செயல்படும். மேல்நோக்கிய விசையோ 2 விழுக்காடுகூடக் குறையாது. ஆனால், அதிரும் மோட்டாரின் பாரம் முழுவதையும் ஒரு சிறு கீல் தாங்க வேண்டும். டிரோன் கீழே விழுந்தால் முதலில் உடைவது பெரும்பாலும் அந்தக் கீல்தான்.

அதனால்தான் சிலருக்குச் சுக்கானின் நினைவு வருகிறது. மோட்டாரை அசையாமல் பொருத்திவிட்டு, அதன் கீழே மெல்லிய நுரை அட்டை ஒன்றைத் தொங்கவிடலாம். சுழலி கீழ்நோக்கித் தள்ளும் காற்றை அட்டை இடப்பக்கம் திருப்பினால், வால் வலப்பக்கம் தள்ளப்படும். முகம் இடப்பக்கம் திரும்பும். சுக்கான் டிரோனின் நடுப்பகுதியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு வலுவாகத் திருப்பும். கதவைக் கீலுக்கு அருகில் தள்ளுவதைவிடக் கைப்பிடியருகே தள்ளுவது எளிது அல்லவா?

இதைச் சோதிக்க உடனே பறக்கவிட வேண்டியதில்லை. சீன உணவகங்களின் வட்ட மேசையில் சுழலும் தட்டைப் பார்த்திருப்போம். அதைப் போன்ற ஒரு தட்டின்மீது டிரோனை இறுக்கமாகப் பிணைத்து, தட்டு மேலே எழாதபடி பளு வைத்துவிடலாம். டிரோனின் கைகள் தட்டுக்கு வெளியே நீண்டிருப்பது அவசியம். இல்லாவிட்டால் காற்று தட்டில் மோதிச் சிதறிவிடும். சோதனையின் முடிவும் தவறாகிவிடும்.

அதற்கும் முன்னால், சுழலிகளைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. டிரோனைக் கையில் பிடித்து அதன் முகத்தை வலப்பக்கம் திருப்ப வேண்டும். பின்னாலிருந்து பார்க்கையில், சுக்கானின் கீழ்விளிம்பு இடப்பக்கம் சாய வேண்டும். வலப்பக்கம் சாய்ந்தால் சேர்வோவின் திசை தலைகீழாக அமைந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் டிரோனின் சுழற்சி உணரி, பிழையைத் திருத்துவதாக எண்ணி அதை மேலும் பெருக்கும். தரையைவிட்டு எழுந்த சில விநாடிகளிலேயே டிரோன் கட்டுக்கடங்காமல் சுற்றும். வேகமாகச் சுழலும் இறக்கைகள் விரலை ஆழமாக வெட்டக்கூடியவை. ஆகவே, இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்கக்கூடாது.

சுக்கானை நேராக வைத்தாலும் டிரோன் மெல்லத் திரும்பக்கூடும். சுழலியிலிருந்து வரும் காற்று நேராக இறங்குவதில்லை, முறுக்கிக்கொண்டே இறங்குகிறது. வால் சுழலியின் எதிர்முறுக்கும் மிச்சமிருக்கிறது. ஆகவே, சுக்கானின் நடுநிலை எது என்பதைத் தட்டின்மீது பொறுமையாகத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சுக்கானின் உண்மையான பலவீனம் தரையிறங்கும்போது வெளிப்படும். காற்றின் வேகம் பாதியானால், சுக்கானின் விசை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அப்போது எதிர்முறுக்கும் குறைவதால், காற்றில்லாத நாளில் பெரிய சிக்கல் எழாது. பக்கத்திலிருந்து திடீரென ஒரு காற்று அடித்து வாலைத் திருப்பிவிட்டால்தான் தொல்லை. அதைத் தடுக்கும் வலு சுக்கானுக்கு இருக்காது. அத்தகைய நேரத்தில் மோட்டாரின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, சுக்கான்மீது மீண்டும் காற்று பாயச் செய்து, முகம் நேரான பிறகே மெதுவாக இறக்க வேண்டும்.