போய்வருதலின் கூலி: புறநகரில் வீடு வாங்குவது குறித்து

1

ஓரிடத்தில் உறங்கி, வேறோரிடத்தில் உழைத்து, அன்றாடம் திரும்பி வருகிற மனிதரைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் இல்லை. தாம்பரம் மின்சார ரயிலில் ‘சீசன் டிக்கெட்காரர்’ என்பார்கள். காஞ்சிபுரத்தில் ‘டெய்லி மெட்ராஸ் போய்ட்டு வர்றவர்’ என்பார்கள். இதை மொழியின் வறுமையாகப் பார்க்க வேண்டியதில்லை. வீடும் தொழிலும் பிரியாதிருந்த ஓர் உற்பத்தி முறையின் தடயம் அது. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளியின் வீட்டில் கூடத்திலேயே குழித்தறி இருக்கும். தறிக்கும் அடுப்புக்கும் நாலு எட்டு. தெருவில் பாவு நீட்டுவார்கள். இதைப் பொற்காலமாக்கிப் பேச நான் தயாரில்லை. அந்த நாலு எட்டுக்குள்ளேதான் பெண்களும் பிள்ளைகளும் கணக்கில் வராத உழைப்பைக் கொட்டினார்கள். ஆனால் வேலைக்குப் போகும் தூரம் என்ற ஒன்று அங்கே இல்லை. இன்று அதே வீட்டுப் பிள்ளைகள் விடியுமுன் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் பிடிக்க நிற்கிறார்கள். வீட்டிலிருந்து தொழில் பிரிக்கப்பட்டபோது இடையில் ஒரு புதிய வெளி உருவானது. அந்த வெளியைத்தான் இப்போது சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள்.

இதை நான் எழுதுவது திருமுக்கூடலில் இருந்து. பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகிற இடம். இங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றையும், மாணவர் தங்கிப் படித்த கல்விச்சாலையையும் அது பதிவு செய்கிறது. அன்று மனிதர்கள் இங்கே வந்தார்கள். இன்று இங்கிருந்து போகிறார்கள். எதிர்க்கரையில் பழைய சீவரம் ரயில் நிலையம். செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் வாலாஜாபாத்துக்கு முன்னால் வருகிற சின்ன ஸ்டேஷன். இந்தப் பாதை நெடுகப் பழைய கழனிகளில் மனைக்கற்கள் நடப்பட்டிருக்கின்றன. எழுதுகிற நண்பர்கள்கூட என்னிடம் கேட்பது இப்போது ஒரே கேள்விதான்: ‘எந்த ஏரியாவுல வாங்குனா போய்வர வசதிப்படும்?’

சிறுபத்திரிகையில் இதைப் பற்றியெல்லாம் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். உழைப்பு, வெளி, அதிகாரம் என்று பேசுகிற நாம் நம்முடைய இருபது வருடக் கடனைப் பற்றி மட்டும் மௌனமாக இருப்பது சரியல்ல. அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

2

நிலத்துக்கு ஏன் இடத்துக்கு இடம் விலை மாறுகிறது? 1826இல் ஜெர்மானியரான வான் தூனன் இதற்கு ஒரு சட்டகம் தந்தார். சந்தை நகரத்தைச் சுற்றி வளையம் வளையமாக விவசாயம் அமைகிறது. சந்தைக்குப் பொருளைக் கொண்டுசேர்க்கும் செலவு எங்கே குறைகிறதோ அங்கே நிலவாடகை கூடுகிறது. 1964இல் வில்லியம் அலோன்சோ இதை நகரத்துக்குப் பொருத்தினார். இங்கே சந்தைக்குப் போகும் சரக்கு நெல்லோ பாலோ அல்ல, மனித உழைப்பு. ஆக, வேலை இருக்கும் இடத்துக்கு அருகில் அதிக விலை கொடுப்பவர் வாங்குவது மண்ணை அல்ல, நேரத்தை. தள்ளிப்போய் மலிவாக வாங்குபவர் மிச்சப்படுத்தும் பணத்தைத் தினமும் மூன்று மணி நேரமாகத் தவணை கட்டுகிறார். அந்த நேரத்துக்கு முதலாளி கூலி தருவதில்லை. வங்கி அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மனை விளம்பரங்களின் சொல்லாடலை இங்கே கவனிக்க வேண்டும். ‘தாம்பரத்திலிருந்து 20 நிமிடம்’ என்று எழுதுவார்கள். எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்று எழுத மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை புரமோட்டரின் காரில் போய் மனை பார்க்கிறோம். சாலை காலியாக இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமைத் தூரத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வாழ்நாள் முழுக்கத் திங்கட்கிழமைத் தூரத்தில் பயணம் செய்கிறோம்.

கிலோமீட்டர் புவியியல் சார்ந்தது. இரண்டு ரயில்களுக்கு இடையே உள்ள இடைவெளி அரசியல் சார்ந்தது. பீச்–தாம்பரம் பாதையில் 1931இலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நெரிசல் நேரத்தில் ஒன்றை விட்டால் சில நிமிடங்களில் அடுத்தது. அதனால்தான் பல்லாவரமும் குரோம்பேட்டையும் அப்படி வளர்ந்தன. பழைய சீவரத்திலும் மின்சார ரயில் நிற்கிறது. 2019இல் தக்கோலம் வழியாக அரக்கோணம் இணைக்கப்பட்டு, சென்னையைச் சுற்றி ஒரு வட்டப்பாதையே உருவானது. ஆனால் செங்கல்பட்டைத் தாண்டியது நெடுங்காலமாக ஒற்றைப் பாதை. ஓடுகிற வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் அது காத்திருப்பே அல்ல. உங்கள் வாழ்க்கையை அட்டவணையின் கையில் ஒப்படைப்பது. ஆகவே ‘ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?’ என்பதற்கு முன் கேட்க வேண்டியது ‘ஒரு வண்டியை விட்டால் என்ன ஆகும்?’ என்பதுதான்.

வரப்போகிற ரயிலுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பதும் இதிலேயே அடங்கும். பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் மயிலாப்பூர் வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் ஐந்து கிலோமீட்டர். பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் அது முடிந்திருக்கவில்லை. விலை மட்டும் அறிவிப்பு வந்த அன்றே வந்து சேர்ந்துவிடும். மாறாக, ஒரே அரசு முடிவு தூரத்தைத் தலைகீழாக்கவும் செய்யும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாற்றப்பட்டன. ஊருக்குப் போய்வர வசதி என்று கோயம்பேட்டை ஒட்டி வீடு வாங்கியவர்கள் தங்கள் வீட்டை அசைக்கவில்லை. ஊர்தான் அவர்களைவிட்டு நகர்ந்துபோனது. தூரம் இயற்கையானதல்ல, உற்பத்தி செய்யப்படுகிறது என்று 1974இல் லெஃபெவர் வெளி குறித்து எழுதியதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

3

‘கம்பெனிக்குப் பக்கத்திலேயே வாங்கிட்டா போக்குவரத்தே இல்லையே’ என்பது அடுத்த வாதம். 1872இல் எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதியபோது இதைத்தான் எச்சரித்தார். சொந்த வீடு தொழிலாளியை ஓரிடத்தில் கட்டிப்போடுகிறது. விட்டுப்போக முடியாதவனிடம் கூலியைக் குறைப்பது சுலபம். அவர் காலத்தில் மாதத் தவணை இன்றைய வடிவத்தில் இல்லை. இருந்திருந்தால் இன்னும் கடுமையாக எழுதியிருப்பார்.

நம் மாவட்டங்களிலேயே சான்றுகள் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தி தொடங்கியது, 2014இல் மூடியது. தனித்தமிழ் இயக்கத்தின் மறைமலையடிகள் பெயரைத் தாங்கிய மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. எட்டு வருடம் ஓடிய ஆலையை நம்பி இருபது வருடக் கடன் வாங்குவதில் உள்ள முரண்பாட்டைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம்.

எனவே தேர்ந்தெடுக்க வேண்டியது வேலையிடத்துக்கு அருகில் உள்ள ஊரை அல்ல. பல வேலையிடங்களைத் தொடுகிற பாதையை. கூடுவாஞ்சேரியிலோ சிங்கப்பெருமாள் கோயிலிலோ இருப்பவர் ஒரு வேலை போனால் அதே தண்டவாளத்தில் வடக்கேயோ தெற்கேயோ இன்னொன்று தேடலாம். கம்பெனி பஸ் மட்டும் வருகிற மனைப்பிரிவில் இருப்பவருக்கு வேலை போகிற அன்றே பஸ்ஸும் போய்விடுகிறது. தொழிலாளியின் பேரம் பேசும் வலிமை சங்கத்தில் மட்டுமல்ல, பொதுப் போக்குவரத்திலும் இருக்கிறது. தொழிற்சங்க நண்பர்கள் இதைப் போதிய அளவு பேசவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

4

இதுவரை ‘வாங்குபவர்’ என்று பேசிவந்தது யாரை? பெரும்பாலும் சம்பாதிக்கிற ஆணை. வீட்டின் தூரம் அவனுடைய ஆபீஸை வைத்தே அளக்கப்படுகிறது. அவன் பைக்கை ஸ்டேஷனில் விட்டுப் போய்விடுவான். மனைவி? மாமியார் அரசு மருத்துவமனைக்குப் போவது எப்படி? மகள் கல்லூரி விட்டு ஆறரை மணிக்கு இறங்கினால், ஸ்டேஷனிலிருந்து தெருவிளக்கில்லாத ஒன்றரை கிலோமீட்டரை எப்படிக் கடப்பாள்? 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது பெரிய மாற்றம். பல பெண்களை வாசலுக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அந்தப் பேருந்து உங்கள் மனைப்பிரிவின் வாசலுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு வீட்டின் உண்மையான தூரம், அந்த வீட்டில் வண்டிச் சாவி யாரிடம் இல்லையோ அவருடைய ஒரு நாளைக் கொண்டு அளக்கப்பட வேண்டியது. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அட்வான்ஸ் கொடுக்குமுன் ஒரு மழைநாள் இரவு, கடைசி வண்டிக்கு முந்தின வண்டியில், மனைவியையோ மகளையோ கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

மழைநாள் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. செங்கல்பட்டு ஏரி மாவட்டம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. தாம்பரம் பக்கம், போய்வர வசதி என்று வாங்கியவர்கள்தாம் அங்கே பலர். நிலத்தின் வரலாற்றை வில்லங்கச் சான்று முழுதாகச் சொல்லாது. ஊர்ப்பெயர் சில நேரம் சொல்லும். தாங்கல், ஏரி, மடுவு என்று முடிகிற பெயர்கள் எல்லாம் நீரின் கையெழுத்து. பட்டா, டிடிசிபி அனுமதி எல்லாம் சரிபார்த்த பிறகு அந்த ஊரின் வயதான விவசாயத் தொழிலாளி ஒருவரிடம் ‘இங்க தண்ணி எதுவரைக்கும் நிக்கும்?’ என்று கேளுங்கள். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர்நீதிமன்றம் 2016இல் தடை விதித்ததும், 2017இல் வரன்முறை விதிகள் வந்ததும் ஆவணத்தைத்தான் சரிசெய்தன. தண்ணீர் ஆவணம் படிப்பதில்லை.

இன்னொரு தூரமும் இருக்கிறது. ‘நல்ல ஏரியா’, ‘டீசண்டான இடம்’ என்று புரோக்கர் சொல்லும்போது அதற்குள் சாதி பதுங்கியிருக்கிறது. ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்பதை நேராகக் கேட்கிறவர்களும் உண்டு. தலித் நண்பருக்கு, ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம் என்கிற மனை இல்லாமலே போய்விடுகிறது. இருபது நிமிடம் தள்ளி இருக்கிற மனைதான் ‘கிடைக்கும்’. ஊர்–சேரி என்ற பழைய பிரிவினை, ரயில் நிலையத்திலிருந்து உள்ள தூரமாக மறுஉற்பத்தி செய்யப்படுகிறது.

5

தேர்வு என்ற சொல்லுக்கே இடமில்லாதவர்களைப் பேசாமல் இந்த விளக்கம் முடியாது. 2000இலிருந்து சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்டவர்கள் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டார்கள். நகருக்குள் நடந்துபோய் வீட்டுவேலை செய்த பெண்கள் இரண்டு பஸ் மாறிப் போனார்கள், அல்லது வேலையை விட்டார்கள். அரசு அவர்களுக்கு வீடு கொடுத்தது. போய்வரும் நேரத்தை எடுத்துக்கொண்டது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி மதுரைக்கு வெளியே புறஞ்சேரியில்தான் முதலில் தங்குகிறாள். நகரம் வெளியே தள்ளியவர்களின் குடியிருப்புக்கு அவள் பெயரையே வைத்தவர்கள் இந்தப் பொருத்தத்தை யோசித்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பக்கத்திலும் அதே கதை வேறு வடிவத்தில் நடக்கிறது. 2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதும், சுற்றுவட்டார மனை விளம்பரங்களில் அதன் பெயர் ஏறிவிட்டது. ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்தைக் காக்கப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஒருவருடைய ‘போக்குவரத்து வசதி’ இன்னொருவருடைய வெளியேற்றமாக இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. காகிதத்தில் காஞ்சிபுரம் பக்கம் சென்னைக்குள் வந்துவிட்டது. ரயில்களின் எண்ணிக்கை அந்த விகிதத்தில் கூடவில்லை.

ஆண்டுதோறும் மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் வந்து, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருளித் திரும்புகிறார். அவருக்குச் சுமக்க ஆள் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு நாள்தான். தினம் போய்வருகிற மனிதர்களுக்கு அந்த வசதி கிடையாது.

வீடு வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வாடகை வீட்டின் அவமானங்களை அறிந்தவன் யாரும் அப்படிச் சொல்ல மாட்டான். பாதையைப் பார்த்து வாங்குங்கள். கடைசி வண்டியைப் பார்த்து வாங்குங்கள். வண்டிச் சாவி இல்லாதவரின் காலைக் கொண்டு அளந்து வாங்குங்கள். வாங்கியபின் குடியிருப்போர் சங்கம் அமைத்துக் கோயில் கட்டவும் சுற்றுச்சுவர் எழுப்பவும் கையெழுத்து வாங்குகிறோமே, அதே கையெழுத்தை இன்னொரு ரயிலுக்கும், இரவு பத்து மணிப் பேருந்துக்கும், பெரும்பாக்கத்துப் பெண்களின் பேருந்துக்கும் சேர்த்து வாங்குவோம். தனித்தனியே இடத்தைத்தான் வாங்க முடியும். நேரத்தை எல்லோரும் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும்.