மரக்கறிப் பாணும் தண்ணீர்க் கணக்கும்

எங்கள் கடைக்குக் கோதுமை மாவும் ஈஸ்டும் வாங்க வருவோரில், வீட்டிலேயே பாண், பணிஸ் சுட்டு விற்கும் சகோதரிகளும் உள்ளனர். 2022 இல் மா விலை பல மடங்கு ஏறியபோது, "மரக்கறி சேர்த்தால் மா மிச்சம்தானே நானா?" என்று பலர் என்னிடம் கேட்டனர். இன்றும் கேட்கின்றனர்.

மிச்சம்தான், ஆனால் நினைக்கும் அளவுக்கு இல்லை. நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வரும் தானியமே இங்கு அரைக்கப்படுகிறது. டொலர் ஏறினால் மாவும் ஏறும். அதனால் உள்ளூர்க் கிழங்கைச் சேர்ப்பது நல்ல யோசனைதான். எனினும் உருளைக்கிழங்கின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 79 பங்கு தண்ணீர். கரட்டில் 88 பங்கு. பூசணியில் அதைவிடவும் அதிகம்.

கணக்கைப் பாருங்கள். 1 கிலோ மா, 600 மில்லி லீற்றர் தண்ணீர், 20 கிராம் உப்பு, 12 கிராம் உலர் ஈஸ்ட், கொஞ்சம் சீனி, மாஜரின் எல்லாம் சேர்ந்தால் குழைத்த மா சுமார் 1,700 கிராம் வரும். இதில் அவித்து மசித்த உருளைக்கிழங்கு 300 கிராம் சேர்ப்பதானால் தண்ணீரை 420 மில்லி லீற்றர் அளவுக்குக் குறைக்க வேண்டும். மொத்தம் 1,820 கிராம். கூடியது 120 கிராம் மட்டுமே, கால் றாத்தல் பாணுக்குக்கூடச் சற்றுப் போதாது. இதிலும் கிழங்கின் விலை, அவிக்கும் கேஸ், தோல் உரிக்கும் நேரம் கழிய வேண்டும்.

அப்படியானால் ஏன் போட வேண்டும்? அவித்த கிழங்கின் மாப்பொருள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாளும் பாண் மெதுமையாக இருக்கும். வாடிக்கையாளர் திரும்பி வருவது அதற்காகத்தான். ஆகவே மா மிச்சத்தை நம்பி விலையைக் குறைக்காதீர்கள்.

நட்டம் வருவது பெரும்பாலும் ஓரிடத்தில். வழக்கமான தண்ணீரை முழுதாக ஊற்றிவிடுவார்கள். மா கையில் ஒட்டும். பிறகு ஒரு பிடி, இன்னொரு பிடி என்று மா தூவுவார்கள். அந்தப் பிடிகள் எந்தக் கொப்பியிலும் எழுதப்படுவதில்லை! மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை ஒதுக்கி வைத்து, தேவைக்கேற்பக் கடைசியில் சேர்ப்பதே நல்லது. துருவிய கரட்டானால் உப்புத் தூவி கால் மணி நேரம் வைத்துப் பிழிந்தெடுங்கள். அந்த உப்பும் 20 கிராம் கணக்கிலேயே சேர வேண்டும். உப்பு கூடினால் ஈஸ்ட் மந்தமாகும். பச்சை வெள்ளைப்பூடும் அவ்வாறே ஈஸ்டை மந்தமாக்கும், வதக்கி ஆறவிட்டுச் சேர்க்கவும். மரக்கறியை உள்ளே வைத்துச் சுடும் பணிஸுக்கும் கறி நன்றாக ஆற வேண்டும். 55 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில் ஈஸ்ட் சாகத் தொடங்கும்.

அடுத்தது எடை. 2024 இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை ஒரு றாத்தல் பாண் 450 கிராம் என வர்த்தமானி மூலம் நிர்ணயித்தது. (பாண் போர்த்துக்கேயச் சொல், றாத்தலோ அரபியில் இருந்து வந்தது. இரண்டும் நம் கடையில் ஒன்றாகிவிட்டன.) சுடும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆவியாகிவிடும் என்பதால் 510 கிராம் அளவில் குழைத்த மாவை எடுத்தால்தான் 450 தேறும். தராசு இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம்.

பெயரிலும் கவனம் தேவை. 2024 ஜனவரியில் கரட் கிலோ ஆயிரம் ரூபாவையும் தாண்டியது. "கரட் பாண்" என்று லேபல் அடித்திருந்தால் அந்த மாதம் என்ன செய்வது? "மரக்கறிப் பாண்" என்று போட்டால் வற்றாளைக்கிழங்கோ பூசணியோ, மலிவாகக் கிடைப்பதைச் சேர்க்கலாம்.

சுட்டதும் சூட்டோடு பொலித்தீன் பைக்குள் போட வேண்டாம். உள்ளே வியர்த்து, நம் காலநிலையில் சீக்கிரமே பூஞ்சணம் பிடிக்கும். கம்பித் தட்டில் இரண்டு மணி நேரமாவது ஆறவிட்டு, திகதியையும் எடையையும் ஒட்டி அனுப்புங்கள்.