ஆணுறை எந்த அளவுக்குக் காக்கும்?

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, ஜொகூர் பொந்தியானில் உள்ள காரெக்ஸ் ஆணுறைத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. சில நாள்களில் அது உலகச் செய்தியானது. உலகில் தயாராகும் ஐந்து ஆணுறைகளில் ஏறக்குறைய ஒன்று இந்த நிறுவனத்துடையது. தட்டுப்பாடு வரும் என நிறுவனத் தலைவர் எச்சரித்தார். பிறகு பாதி ஆள்பலத்தோடு இயங்க அனுமதி கிடைத்தது.

நம் தாத்தா பாட்டிமார் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே எழுந்து வெட்டிய அதே பால்மரத்தின் பாலில்தான் ஆணுறை தயாராகிறது. ஆனாலும் நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அதனால் இளையோரிடம் இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. 'ஆணுறை இருந்தால் எந்த நோயும் வராது' என்பது ஒன்று. 'அதில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் உண்டு, கிருமி புகுந்துவிடும்' என்பது மற்றொன்று.

ஓட்டைக் கதையை முதலில் பார்ப்போம். ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த ஜோடிகளை ஆராய்ந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று 1994இல் வெளிவந்தது. ஒவ்வொரு முறையும் ஆணுறை பயன்படுத்திய 124 ஜோடிகளில், சுமார் 15,000 முறை உறவு கொண்ட பிறகும், ஒருவருக்குக்கூடப் புதிதாகத் தொற்றவில்லை. சில முறை மட்டும் பயன்படுத்திய 121 ஜோடிகளில் 12 பேருக்குத் தொற்றியது. இத்தகைய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தவறாமல் பயன்படுத்துவோருக்கு எச்.ஐ.வி. அபாயம் சுமார் 80 விழுக்காடு குறைவது தெரிந்தது.

எல்லா நோய்க்கும் இதே கணக்கு பொருந்தாது. எச்.ஐ.வி., கொனோரியா, கிளாமிடியா ஆகியவை உடல் திரவங்கள் வழியே பரவுபவை. அவற்றை ஆணுறை நன்றாகத் தடுக்கிறது. ஹெர்பிஸ், சிபிலிஸ், எச்.பி.வி. ஆகியவை தோலோடு தோல் படுவதாலும் பரவும். உறை மூடாத இடத்தில் புண்ணோ கிருமியோ இருந்தால் பாதுகாப்பு குறையும். அதற்காகப் பயனே இல்லை என்று ஒதுக்கிவிடக்கூடாது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவிகளிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், இணையர் எப்போதும் ஆணுறை பயன்படுத்தியவர்களுக்கு எச்.பி.வி. தொற்று 70 விழுக்காடு குறைவாக இருந்தது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான இந்த எச்.பி.வி.க்குத் தடுப்பூசியும் உண்டு. நம் நாட்டில் 2010 முதல் 13 வயது மாணவிகளுக்குப் பள்ளியில் இலவசமாகப் போடப்படுகிறது. பெற்றோர் சம்மதக் கடிதத்தில் தயங்காமல் கையெழுத்திடலாம்.

ஆணுறை பெரும்பாலும் தோற்பது பயன்படுத்தும் முறையில்தான். ஓராண்டில் சரியாகப் பயன்படுத்தும் 100 பெண்களில் 2 பேர் கருவுறுகிறார்கள் என்றால், நடைமுறையில் அது 13 பேர் வரை போகிறது. கவனிக்க வேண்டியவை இவை:

* உறவின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை அணிய வேண்டும்.
* தேங்காய் எண்ணெய், வாசலின் கூடாது; ரப்பர் பலமிழந்து கிழியும். நீர் கலந்த வழுவழுப்புக் களிம்பே ஏற்றது.
* பணப்பையிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்காதீர்கள்.
* காலாவதித் தேதியைப் பாருங்கள். பல்லால் கிழிக்காதீர்கள்.
* இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணியாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தியதை மீண்டும் எடுக்காதீர்கள்.

ஆணுறை பரிசோதனைக்கு மாற்று ஆகாது. கிளாமிடியா பல பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, பின்னாளில் குழந்தைப் பேற்றையே பாதிக்கலாம். ஆனால் கண்டுபிடித்தால் மாத்திரையில் குணமாகும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து சிகிச்சை பெற வேண்டும்.

முஸ்லிம் மணமக்களுக்குத் திருமணத்துக்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனையை 2001இல் முதலில் கட்டாயமாக்கிய மாநிலம் ஜொகூர்தான். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு மணமக்கள் இருவரையும் ஒருமுறை அனுப்பி வைப்பதில் என்ன குறை? சந்தேகப்பட்டு அல்ல, அக்கறையோடு.