ஜீப்பின் முன் ஹப், ஆக்சில் தண்டு மாற்றுதல்

ஹப் என்பது சக்கரத்தின் குடம். வில்லீஸ் போன்ற பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்புகளில், முன் ஆக்சில் தண்டு சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குபவை, ஸ்பிண்டில் என்னும் குழாயும் அதன்மேல் ஹப்பைச் சுழலவிடும் இரண்டு பேரிங்குகளும்தான். எனவே தண்டு முறிந்தாலும் சக்கரம் கழலாது; பேரிங் நட்டு கழன்றுவிட்டால் சக்கரமே கழன்றுவிடக்கூடும்.

வண்டியை ஜாக்கியால் தூக்கியபின் ஸ்டாண்டின்மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. சக்கரம், தண்டை ஹப்புடன் இணைக்கும் டிரைவ் பிளேஞ்ச், பூட்டு நட்டுகள், டிரம்முடன் ஹப், பிரேக் தட்டு, ஸ்பிண்டில் என்ற வரிசையில் கழற்றினால் தண்டை வெளியே இழுத்துவிடலாம். டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாததால் இடது, வலது தண்டுகளின் நீளம் வேறுபடும். புதியதை வாங்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

பூட்டும்போது பேரிங்குகளில் கிரீஸ் நிரப்பி, ஹப்பின் உட்புறத்தில் புதிய சீல் போட வேண்டும். சீல் கசிந்தால் கிரீஸ் பிரேக் ஷூவில் படிந்து பிரேக் சரியாகப் பிடிக்காது. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பிறகு கையேடு கூறும் அளவுக்குத் தளர்த்தி, பூட்டு வாஷரை மடக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் பேரிங் சூடேறிக் கெடும். தளர்ந்தால் சக்கரம் ஆடும்.