'பேன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் பலபொருள் நிலை: மரக்காணம் உப்பளச் சொற்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் 'பேன்' என்னும் சொல் சமையற்கலம் முதல் உப்பளம் வரை பல பொருள்களைச் சுட்டுகிறது. அவற்றுள் உப்புத்தொழில் சார்ந்த பொருள்களைத் தமிழ், கெமர் ஆகிய மொழிகளின் சொற்களோடு ஒப்பிட்டு, மொழிபெயர்ப்பில் நேரும் பொருள் மயக்கத்தையும் அதனைத் தீர்க்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பலபொருள் ஒருசொல், அளம், பாத்தி, மரக்காணம், கெமர், மொழிபெயர்ப்பு

முன்னுரை

விழுப்புரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள மரக்காணம் பழமையான உப்பு விளையும் ஊர்களுள் ஒன்று. இவ்வூர்ப் பூமீசுவரர் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டுகள் உப்பு விளையும் இடத்தை 'அளம்' என்று குறிக்கின்றன. இன்றைய வழக்கில் அது 'உப்பளம்'. அதனுள் வரப்புகளால் பிரிக்கப்பட்ட சிறு பகுதி 'பாத்தி'. ஆங்கிலத்திலோ இவ்விரண்டையும் 'சால்ட் பேன்' என்னும் ஒரே தொடரால் சுட்ட இயலும். ஆங்கில ஆவணங்களைக் கொண்டு இக்கடற்கரையை ஆராய்வோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே.

ஆங்கிலச் சொல்லின் பொருட்பரப்பு

'பேன்' என்பதன் அடிப்படைப் பொருள் அகன்ற, ஆழம் குறைந்த கலம். வறுக்கும் சட்டி, தராசுத் தட்டு, பழைய துப்பாக்கியில் வெடிமருந்து இடும் குழி ஆகியன வடிவ ஒப்புமையால் இப்பெயர் பெற்றன. ஆற்று மணலைத் தட்டிலிட்டு அலசிப் பொன் பிரிக்கும் செயலுக்கு இச்சொல்லே வினையாகவும் வருகிறது. ஒரு படைப்பைக் கடுமையாகச் சாடுதலையும் அவ்வினை குறிக்கும். திரைப்படக் கருவியைப் பக்கவாட்டில் திருப்புதலைக் குறிக்கும் 'பேன்' மட்டும் 'பனோரமா' என்பதன் சுருக்கம். ஆகவே அது வேர் வேறான, ஒலியால் ஒத்த சொல்லாகும்.

கலமும் நிலமும்

உப்புக்கும் கலத்துக்கும் உள்ள தொடர்பு இங்கிலாந்தின் தட்பவெப்பத்தில் தோன்றியது. வெயில் குறைந்த அந்நாட்டின் செஷயர் பகுதியில் உவர்நீரை உலோகக் கலங்களில் காய்ச்சி உப்பெடுத்தனர். ஸ்காட்லாந்தின் பிரெஸ்டன்பேன்ஸ் என்னும் ஊர்ப்பெயரில் அக்கலங்கள் இன்றும் நிலைத்துள்ளன. அங்கு 'பேன்' உண்மையிலேயே அடுப்பேறிய கொப்பரையாகும். அதே சொல் வெயிலில் உப்பு விளையும் நிலத்துக்கும் வழங்கியபோது கலம் நிலமாயிற்று.

மரக்காணத்தில் தீயின் பணியைக் கதிரவனும் காற்றும் செய்கின்றன. தேக்கிய உவர்நீர் படிப்படியாகச் செறிவேறி, ஏறத்தாழ 25 போமே அளவை எட்டும்போது உப்பு படிகமாகத் தொடங்கும். கடைசியில் எஞ்சும் கசப்புநீர் வடிக்கப்படும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தொழில் நிற்கும். இங்கே உப்பு காய்ச்சப்படுவதில்லை, விளைகிறது. பாத்தி, வரப்பு, விளைச்சல் ஆகிய சொற்கள் யாவும் உழவுக்குரியன. நற்றிணை 331ஆம் பாடல் உப்பு விளைப்போரை உழுதல் இல்லாத உழவர் என்னும் பொருள்படச் சுட்டுவதும் இக்கண்ணோட்டத்தின் தொன்மையைக் காட்டும்.

கெமர் மொழியும் இவ்வாறே நோக்குகிறது. அம்மொழியில் சமையற்கலமாகிய பேன் 'க்தெஹ்' எனப்படும். உப்பளமோ 'ஸ்ரே அம்பெல்'. 'ஸ்ரே' என்பது நெல்வயல், 'அம்பெல்' என்பது உப்பு. கம்போடியாவின் கோ காங் மாநிலத்தில் இத்தொடரே ஒரு மாவட்டத்தின் பெயராக உள்ளது. கம்போட், கெப் பகுதிகளில் இன்றும் வெயிலில் உப்பு விளைகிறது. ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கும் கலத்தையும் நிலத்தையும் கெமரும் தமிழும் வெவ்வேறு சொற்களால் பிரித்துரைக்கின்றன. தமிழ் ஒரு படி மேலே சென்று, முழு நிலத்தையும் அதன் உட்பிரிவையும் அளம், பாத்தி எனப் பிரிக்கிறது.

தொல்காப்பிய நெறியும் மொழிபெயர்ப்பும்

தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை வினைவேறுபடுவது, வினைவேறுபடாதது என இருவகைப்படுத்துகிறது. முன்னதன் பொருள் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியும். பின்னதைப் பேசுவோர் வெளிப்படக் கூற வேண்டும். உரையாசிரியர் காட்டும் 'மா' என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. பூத்தது என்றால் மரம், ஓடிற்று என்றால் விலங்கு. வீழ்ந்தது என்றாலோ இரண்டற்கும் பொருந்தும்.

'பேன்' என்பதும் அத்தகையதே. வறுத்தல் என்னும் வினை வந்தால் சட்டியென்றும், பொன் என்னும் சார்பு இருந்தால் அலசுதல் என்றும் உணரலாம். ஆனால் 'மழையில் 10 சால்ட் பேன்கள் அழிந்தன' என்னும் பொருளில் ஓர் ஆங்கிலத் தொடர் அமைந்தால், அழிதல் என்னும் வினை பத்து உப்பளங்களுக்கும் பத்துப் பாத்திகளுக்கும் ஒருங்கே பொருந்தும். முன்னது ஓர் ஊரின் வாழ்வாதார இழப்பு. பின்னது ஓர் உப்பளத்துக்குள்ளேயே அடங்கும் சேதம். இழப்பைக் கணக்கிடுவோருக்கும் பழைய ஆவணங்களிலிருந்து உற்பத்தியை மதிப்பிடுவோருக்கும் இவ்வேறுபாடு இன்றியமையாதது. ஒலிபெயர்ப்பும் இங்கு உதவாது. அது மயக்கத்தை அப்படியே தமிழுக்குக் கொணர்வதோடு, தலைப்பேனைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லோடும் கலந்துவிடும்.

முடிவுரை

காய்ச்சும் கலமாயின் கொப்பரை, முழு நிலமாயின் உப்பளம், உட்பிரிவாயின் பாத்தி என மூன்றாகப் பிரித்து மொழிபெயர்ப்பதே பொருத்தமாகும். ஆவணத்தில் எண்ணிக்கை வருமிடத்துப் பரப்பளவையும் உடைமைக் குறிப்பையும் சார்பாகக் கொண்டு பொருளை உறுதிசெய்தல் வேண்டும். அவை கிடைக்காதபோது ஒரு பொருளை ஊகித்து எழுதுவதினும் மயக்கம் உள்ளதெனக் குறிப்பிடுதலே ஆய்வுநெறி. ஆங்கிலத் தொடர் மறைத்த வேறுபாட்டை மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் தம் அன்றாடப் பேச்சில் காத்து வருகின்றனர். கலைச்சொல் ஆக்குவோர் முதலில் நாட வேண்டியதும் அவ்வழக்கையே.