முதனிலைக்கு மீளுதல்

தோன்றிய பொருள் யாவும் தாந்தோன்றிய இடத்திற்கே ஒருகால் மீளும் என்னுங் கொள்கை மிகவுந் தொன்மையானது. கிரேக்கர் இதனை ‘அபோகதாஸ்தாசிஸ்’ என்னுஞ் சொல்லாற் குறித்தனர். முன்னிருந்த நிலையில் மீள நிறுத்துதல் என்பது அதன் பொருள். நோயுற்றான் ஒருவன் பண்டைய நலத்தைத் திரும்பப் பெறுதலும், வானத்துக் கோள்கள் தத்தஞ் சுற்றினை முடித்துப் புறப்பட்ட இடத்தை யடைதலும் இச்சொல்லின் பொருளில் அடங்கும். இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. நோய் நீங்கினானுக்கு மீட்சி ஒரு முடிவு. கோளுக்கோ மீட்சி மறுசுற்றின் தொடக்கம். உயிர்கள் இறுதியில் அடையும் மீட்சி இவற்றுள் எத்தகையது என்பதே இக்கொள்கையை ஆராய்வார் முதற்கண் தெளியற்பாலது.

கி.மு. 300-ஐ ஒட்டி ஏதென்ஸ் நகரிற் சீனோன் என்பார் தொடங்கிய ஸ்தோயிக்க மரபினர் கோளின் மீட்சியையே உலகிற்குங் கூறினர். ஊழியிறுதியில் உலகெல்லாந் தெய்வத்தன்மை வாய்ந்த தீயில் ஒடுங்கும். பின்னர் அத்தீயினின்றே முன்போலத் தோன்றும். சாக்ரட்டீசர் மறுபடியும் பிறந்து, அதே நகரில் வழக்காடப்பெற்று, அதே நஞ்சினை உண்பார். இங்ஙனம் ஊழிதோறும் நிகழுமென்றலின், அவர் மதத்தில் ஒடுக்கம் உண்டேயன்றி விடுதலை இல்லை யென்க.

இச்சொல்லை விடுதலைக் கொள்கையாக விரித்தவர் அலெக்சாந்திரியா நகரத்து ஓரிகென் என்னுங் கிறித்துவ ஆசிரியர். இவர் ஏறத்தாழக் கி.பி. 185-இற் பிறந்தவர். இளமையிலேயே தந்தையார் சமயத்தின் பொருட்டுக் கொலையுண்ணக் கண்டவர். தாமும் முதுமையில், தேசியஸ் மன்னன் காலத்தில், சிறையுந் துன்பமும் உற்றவர். ‘முதற்பொருள்கள்’ என்னும் இவரது நூலின் கிரேக்க மூலம் பெரும்பாலும் அழிந்தது. ரூபினஸ் என்பாரது இலத்தீன் மொழிபெயர்ப்பே முழுமையாக எஞ்சியுள்ளது.

அறிவுடைய உயிர்கள் யாவும் ஆதியிற் றூயனவாய் இறைவனைக் கண்டு நின்றன என்பதும், அக்காட்சியில் அன்பு தணிந்து தந்தம் விருப்புரிமையால் வழுவின என்பதும், வழுவின் அளவிற்கேற்ப உடம்பும் இடமும் பெற்றன என்பதும் இவர் கோட்பாடு. ஆன்மாவைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லைக் குளிர்ச்சியைக் குறிக்குஞ் சொல்லோடு இயைத்து, அன்பின் வெம்மை ஆறியமையால் அப்பெயர் வந்ததென்றும் இவர் கருதினர். எனவே உலகு உயிர்கட்குச் சிறைமட்டுமன்று, பயிற்சிக்களமுமாம். தண்டனையும் பகைமுடித்தலன்று, மருத்துவன் கைத் தீயும் வாளும் போல்வதாம். முடிவு என்றுந் தொடக்கத்தை ஒக்குமாதலின், எவ்வுயிரும் விடுபடாது, பன்னெடுங்காலங் கழித்தேனும், இறைவனை எய்தும் என்று இவர் எதிர்நோக்கினர். எரிநரகம் என்றுமுள்ளதென அஞ்சினார்க்கு இக்கொள்கை பெரியதோர் ஆறுதலாயிற்று.

அற்றேல், ஈண்டொரு தடை எழும். தூயதாய் இறைவனைக் கண்டுநின்ற உயிரே முன்னர் வழுவிற்றாயின், அந்நிலையை மீள எய்தியபின் மறுபடியும் வழுவாதென்பதற்கு உறுதி யாது? தொடக்கத்தைப் போன்றதே முடிவு எனின், தொடக்கத்திலிருந்த வீழ்ச்சியின் வாயிலும் முடிவிற் றிறந்தே கிடக்குமன்றோ? அகுஸ்தீனார் கி.பி. 413 முதல் 426 வரை இயற்றிய ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலில் இக்குறையை எடுத்துக்காட்டினர். இழக்கப்படும் இன்பம் பேரின்பமாகாது. இழப்பு வருமென்றறியின் அச்சமும், அறியாவிடின் மயக்கமும் அதன்கண் உளவாம் என்பது அவர் கருத்து. நோய் நீங்கினான் மீட்சியை நாடிய ஓரிகென் கோளின் மீட்சியிலேயே சென்று முட்டுவாராயினர். அன்பு முற்றியவிடத்து வீழ்ச்சி நிகழாதென்பது உரோமர்க்கெழுதிய திருமுகத்திற்கு அவர் வகுத்த உரையிற் காணப்படும் விடை. எனினும், அவ்வன்பு ஆதியில் ஏன் தணிந்தது என்னும் வினா நின்றேயொழிந்தது.

நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த நிசா நகர்க் கிரகோரியார் இவ்விடர்ப்பாட்டை வேறு வழியால் நீக்கினர். உடம்பின் முன்னரே உயிர் தனித்திருந்து வழுவிற்றென்பதை அவர் மறுத்தனர். தம் தமக்கை மக்ரீனாவோடு உரையாடுவதாக அவர் இயற்றிய நூலில், மாசு கலந்த பொன்னைத் தீயிலிடுதலும், சேறு படிந்த கயிற்றைச் சிறுதுளையின் வழியே இழுத்தலும் உவமைகளாக வருகின்றன. வருத்தம் மாசினைப் பற்றியதேயன்றி, ஈர்ப்பவனது சினத்தாலாயதன்று. தீமைக்கு எல்லையுண்டு, இறைவனுக்கு எல்லையில்லை. ஆதலின் அவனை நுகர்வார்க்குத் தெவிட்டுதலும், அதனால் வழுவுதலும் இல்லையென்பது அவர் துணிபு.

கி.பி. 553-இற் கான்ஸ்தாந்திநோபிளிற் கூடிய பேரவை ஓரிகென் பெயரைக் கண்டிக்கப்பட்டோர் வரிசையிற் சேர்த்தது. அனைத்துயிர் மீட்சியைத் தாமும் உரைத்த கிரகோரியாரோ புனிதராகவே போற்றப்பட்டு வருகின்றனர்.

இத்தடை சைவ சித்தாந்திகட்குப் புதியதன்று. தூய ஆன்மாவை மலம் இடையே பற்றிற்றெனின், காரணமின்றிப் பற்றியது முத்தியினும் பற்றுமென அவரும் மறுப்பர். ஆகலின் செம்பிற் களிம்புபோல மலம் அனாதியே உள்ளதென்பது அவர் முடிபு. மெய்கண்டார் சிவஞானபோதத்து முதற்சூத்திரத்தில் ஒடுக்குங் கடவுளே முதற்கடவுள் என்று நாட்டி, ஒடுங்கிய உலகு மீளத் தோன்றுதற்கு ஏது மலம் என்றுங் காட்டினர். ஒடுக்கம் உயிர்கட்கு இளைப்பாற்றுதலாம், அதுவே வீடன்று. மலம் பக்குவமுறாதவழி, ஒடுங்கிய உயிர் விடிந்தபின் எழுவான்போல மறுபடியும் பிறவியில் எழும். இஃது ஒருவாற்றாற் கோளின் மீட்சியை ஒக்கும். வீடோ இதனின் வேறாயது. அது முன்னிருந்து இழந்ததொன்றைத் திரும்பப் பெறுதலன்று. பிறவிக்குருடன் மருத்துவனருளாற் கண்பெற்று, என்றுமுள்ள கதிரவனை அன்றே முதன்முறை காண்டலை ஒப்பது. கதிரவன் அவனுக்குப் புதியனல்லன், காட்சியே புதியது.

இவ்வேறுபாடு கிடப்பினும், ஒறுத்தல் உயிரின் நலம் பற்றியதே என்பதில் அலெக்சாந்திரிய ஆசிரியரும் சித்தாந்திகளும் பெரிதும் ஒன்றுபடுவர். வேறுபடுவது நோயின் தொடக்கம் பற்றியே. நோய் இடையில் வந்ததென்பார் அது மறுபடி வாராமைக்கு ஏதுக் காட்டக் கடமைப்பட்டவர். அனாதி என்பார்க்கு அக்கடன் இல்லை. நோயின் ஆற்றல் மடங்கிய அன்றே அவர்க்கு மீட்சி முடிவாம். ஆதலின், உயிர் எங்கு மீளும் என்பதனினும், அஃது ஆண்டிருந்து ஏன் நீங்கிற்று என்பதே முன்னர் ஆராயப்படுவதாம்.